தண்ணீர் வடிஞ்ச பிறகு: கிராண்ட் ஃபோர்க்ஸ், 1997

வெள்ளம்னு சொன்னா நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான். கருமேகம், நாலு நாள் அடைமழை, ஏரி உடைஞ்சிருச்சுன்னு வதந்தி, பள்ளிக்கூடத்துக்கு லீவு. இந்தப் பதிவில் வரும் வெள்ளம் அந்த ரகம் இல்லை. இது பளிச்சுன்னு வெயிலடிக்கும்போது வரும். குளிர்காலம் ஒருவழியா முடிஞ்சுது, இனிமே இந்தக் கனமான கோட்டைக் கழற்றி மாட்டிடலாம்னு ஜனங்க அப்பாடான்னு மூச்சு விடற நேரத்தில், மாசக்கணக்கா வயக்காட்டில் கிடந்த பனி உருகிக் கிளம்பி ஊருக்குள்ள வரும். வசந்தகால வெள்ளம். பேர் என்னவோ சினிமாப் பாட்டு மாதிரி அழகாத்தான் இருக்கு.

வெள்ளம் வர்றதைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. கரை உடையற காட்சி, ஹெலிகாப்டர், கூரை மேல ஏறி நிக்கிற நாய், இதெல்லாம் டிவிக்குப் பிடிக்கும். தண்ணீர் வடிய ஆரம்பிச்சதும் கேமராக்காரர் வயரைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். எனக்கு அதுக்கு அப்புறம் நடக்கறதுலதான் ஆர்வம். மினசோட்டாவில் ரெண்டு குளிர்காலம் ஆணி பிடுங்கிக்கிட்டு இருந்தப்போ இந்த ஊர்க் கதை அறிமுகமாச்சு. அதிலிருந்து கண்ணில் படறதை எல்லாம் படிச்சுச் சேர்த்துக்கிட்டே வந்தேன். நீளமான பதிவு, ஒரு காபியோட வந்து உக்காருங்க.

ஊர் பேர் கிராண்ட் ஃபோர்க்ஸ். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ்னு ஒரு சின்ன ஊர், அது மினசோட்டா மாநிலக் கணக்கு. நம்ம ஊர்ல ஆற்றுக்கு இக்கரை ஒரு மாவட்டம், அக்கரை ஒரு மாவட்டம் இருக்குமே, அது மாதிரி. 1990 கணக்கெடுப்பில் பெரிய ஊர்ல சுமார் 49,000 பேர், சின்ன ஊர்ல ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஓடற ஆறு ரெட் ரிவர். செவ்வாறுன்னு மொழிபெயர்க்கலாம்தான், ஆனா அங்கே இருக்கறவங்களே அதைப் பழுப்பாறுன்னு சொல்லியிருந்தா பொருத்தமா இருந்திருக்கும்.

இந்த ஆற்றோட குணம் புரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடுது, கனடாவுக்குள்ள போய் வின்னிபெக் ஏரியில் சேருது. வசந்தம் தெற்கிலிருந்துதான் வரும். அதனால தெற்கே பனி உருகித் தண்ணீர் கிளம்பும்போது வடக்கே ஆறு இன்னும் உறைஞ்சு கிடக்கும். வர்ற தண்ணிக்குப் போக வழி இருக்காது. போதாததுக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் அகஸ்ஸிஸ் என்ற பிரம்மாண்டமான பனியுக ஏரியின் அடித்தரை. கேரம்போர்டு மாதிரி சமதளம். ஆறு மைலுக்கு ஒரு அடிகூட இறங்கறதில்லை. கரை தாண்டின தண்ணி ஆழமா ஓடாது, அகலமாப் பரவும், நகரவே நகராது. நம்ம காவிரி வெள்ளம் ஓடிடும். இது வந்து உக்காந்துக்கும்.

1996-97 குளிர்காலத்தில் அந்த ஊரை எட்டுப் பனிப்புயல் அடிச்சது. உள்ளூர்ப் பத்திரிகையான கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் ஒவ்வொண்ணுக்கும் அகரவரிசையில் பேர் வச்சது. முதலாவது ஆண்டி, எட்டாவது ஹானா. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த ஹானா மழையும் பனிக்கட்டியும் பனியுமாக் கொட்டி, மின்கம்பங்களைச் சாய்ச்சுட்டுப் போச்சு. அதாவது வெள்ளத்துக்குக் கரை கட்டிக்கிட்டு இருந்த ஊர்ல கரண்ட்டும் இல்லை.

தேசிய வானிலைச் சேவை பிப்ரவரியிலேயே சொல்லியிருந்த எண் 49 அடி. அதிகமா மழை, பனி எதுவும் வராட்டி 47.5, வந்தா 49. 1979-இல் 48.8 அடி வந்து ஊர் சமாளிச்சிருந்தது. அதனால எல்லார் மனசிலும் அந்த 49 ஒரு வாக்குறுதி மாதிரி உக்காந்துடுச்சு. மூணடி கூடுதலாச் சேர்த்து 52 அடிக்குக் கரையை உசத்தினாங்க. கல்லூரிப் பசங்க, பாட்டிங்க, விமானப்படைக்காரங்கன்னு ஊரே நின்னு மணல் மூட்டை கட்டுச்சு. கடைசி சில நாள்லதான் அந்த எண் ஏற ஆரம்பிச்சது. ஏப்ரல் 18, 1997 அன்று கரைகள் உடையத் தொடங்கின. லிங்கன் டிரைவ்னு தாழ்வான குடியிருப்பு முதலில் போச்சு. ஆறு கடைசியில் 54.35 அடி தொட்டது. 1897 வெள்ளம்கூட 50.2 அடிதான். வடிஞ்ச பிறகு ஒரு வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் '49 அடி'ன்னு எழுதி, கூடவே பதிவில் எழுத முடியாத ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தாங்க. அந்த ஊரோட அப்போதைய மனநிலைக்கு அதைவிடச் சுருக்கமான வரலாறு கிடையாது.

(இந்த எண் விவகாரம் தனிப் பதிவுக்கான சரக்கு. ரோஜர் பியல்க்கே ஜூனியர்ங்கிற ஆய்வாளர் 1999-இல் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கணிப்பில் எவ்வளவு பிசகு வரலாம்னு சொல்லாம ஒத்தை எண்ணைக் கொடுத்ததும், கேட்டவங்க அதை உச்சவரம்பா எடுத்துக்கிட்டதும் சேர்ந்துதான் ஊரைக் கவுத்துச்சுங்கிறது அவர் வாதம். எனக்கு அது நியாயமாப் படுது. பிற்பாடு வானிலைச் சேவையும் 'இத்தனை அடி வர இத்தனை சதவீத வாய்ப்பு'ங்கிற பாணிக்கு மாறிடுச்சு.)

மேயர் பேர் பேட் ஓவன்ஸ். அந்த ஊரின் முதல் பெண் மேயர். அதுக்கு முன்னாடி மேயர் அலுவலகத்திலேயே பல வருஷம் உதவியாளரா வேலை பார்த்தவர். கரை இன்னும் நிக்கும்போதே 'கிளம்புங்க'ன்னு சொன்னார். அப்படிச் சொல்ல ரொம்ப தைரியம் வேணும், தண்ணி வராமப் போயிருந்தா ஊர் சிரிச்சிருக்கும். கிட்டத்தட்ட மொத்த ஊரும் காலி ஆச்சு. மறுநாள் ஏப்ரல் 19, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்த நகர மையம் தீப்பிடிச்சு எரிஞ்சது. பதினொரு கட்டடம் போச்சு. தீயணைப்பு வீரர்கள் இடுப்பளவு தண்ணியில் நிக்கறாங்க, ஆனா குழாயில் தண்ணி இல்லை! ஹெலிகாப்டர்ல கொண்டுவந்து ஊத்தினாங்க. இவ்வளவுக்கும் நடுவில் ஊருக்குள்ள ஒருத்தர்கூட மூழ்கிச் சாகலை. அம்பதாயிரம் பேர் உயிரோட வெளியே போனாங்க.

டிவி கதை இத்தோட முடிஞ்சது. நம்ம கதை இங்கதான் ஆரம்பம்.

ஏப்ரல் கடைசியில் பகுதி பகுதியா மக்களை உள்ளே விட ஆரம்பிச்சாங்க. ஊரில் முக்கால்வாசி நனைஞ்சிருந்தது, கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸ் அநேகமா முழுசும். குழாயில் குடிக்கிற மாதிரி தண்ணி வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. யோசிச்சுப் பாருங்க, வீடெல்லாம் சேறு, கழுவத் தண்ணி இல்லை.

அந்த ஊர் வீடுகளைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அங்கே அஸ்திவாரம் ஆழமாப் போகணும். இல்லாட்டி குளிர்காலத்தில் மண் உறைஞ்சு உப்பி வீட்டையே தூக்கிடும். அவ்வளவு தோண்டின பிறகு அதைச் சும்மா விடுவானேன்னு கீழே ஒரு தளம் கட்டிடுவாங்க. பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்கற உலை, வெந்நீர்க் கொதிகலன், துணி துவைக்கிற மெஷின், மின்சாரப் பலகை எல்லாம் அங்கதான். கூடவே கல்யாண ஆல்பம், பசங்க சின்ன வயசுல போட்ட சட்டை, தாத்தாவோட கடிதக் கட்டு. அதாவது வீட்டோட இதயமும் ஞாபகமும் சேர்ந்து வெள்ளம் முதலில் நுழையற இடத்தில் இருக்கு. ஆறு கரை தாண்டணும்னுகூட அவசியமில்லை. சாக்கடைக் குழாய் வழியா மேலேறி வந்துடும்.

வீட்டுக்குத் திரும்பினவங்க முதலில் செய்யத் துடிச்சது அந்தத் தண்ணியை இறைக்கறது. அதுவே முதல் ஆபத்து. வெளியே மண் ஊறிச் சொதசொதன்னு சுவரை உள்ளே தள்ளிக்கிட்டு இருக்கும். உள்ளே நிக்கிற அழுக்குத் தண்ணிதான் அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு இருக்கு. அவசரப்பட்டு ஒரே நாள்ல பம்ப் போட்டு இறைச்சா, சுவர் உள்வாங்கி இடிஞ்சுடும், தரையே வெடிச்சு மேலே வரும். வெள்ளத்துக்குத் தப்பிச்ச வீட்டைச் சுத்தம் பண்ணப்போய் இழக்கறது இப்படித்தான். ஒரு ரெண்டடி இறை, சுவரில் கோடு போடு, ராத்திரி விட்டுவிடு, காலையில் தண்ணி கோட்டுக்கு மேல வந்திருந்தா இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். இதுதான் விதி. ரெட் ரிவர் பக்கத்து ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பேஸ்மென்ட்டை நல்ல தண்ணியால தாங்களே நிரப்பி வைக்கிற வழக்கம்கூட அங்கே உண்டு. சேறு வர்றதுக்குப் பதிலா நல்ல தண்ணி இருக்கட்டும், சுவரும் நிக்கட்டும். எனக்கு இதைப் படிச்சப்போ அசந்துபோச்சு.

ரெண்டாவது, எண்ணெய். வீட்டைச் சூடாக்க எண்ணெய் வச்சிருக்கற வீடுகளில் தொட்டி பேஸ்மென்ட்டில் இருக்கும். தண்ணி வந்ததும் தொட்டி மிதந்து, கவுந்து, குழாய் பிடுங்கிக்கும். தண்ணி வடியும்போது மேலே மிதக்கிற எண்ணெய் ஒவ்வொரு அடியா இறங்கிச் சுவர் முழுக்கப் பூசிட்டுப் போகும். சேற்றைக் கழுவிடலாம். எண்ணெய் ஊறின கான்கிரீட்டை என்ன பண்றது?

மூணாவது, ஜிப்சம் பலகைச் சுவர். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் செங்கல் கிடையாது. மரச்சட்டம், அதுக்கு மேல காகிதம் ஒட்டின ஜிப்சம் பலகை, நடுவில் குளிர் தாங்கப் பஞ்சு. இது திரி மாதிரி தண்ணியை மேலே உறிஞ்சும். தண்ணி ஒரு முழம் வந்திருந்தா ஈரம் ரெண்டு முழம் ஏறியிருக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும். அந்த ஊர்லயோ ஜனங்க உள்ளே வர்றதுக்கே வாரக்கணக்கு ஆச்சு. அதனால தண்ணிக் கோட்டுக்கு மேல வரைக்கும் வெட்டி எடுத்துத் தெருவில் போட வேண்டியதுதான். கம்பளம், மெத்தை, சோபா எல்லாமும். ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது, டேப் சுத்தி அப்படியே வெளியே தள்ளணும். கரண்ட் இல்லாம வாரக்கணக்கில் கிடந்த ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கணும்னு யாருக்காவது ஆர்வம் வந்தா அவங்க விருப்பம் :-)

இப்போ நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயம்.

சேற்றைக் கழுவ எல்லாரும் நாடினது பிரஷர் வாஷர். பெட்ரோல்ல ஓடற சின்ன எஞ்சின், அதுல ஒரு பம்ப், துப்பாக்கி மாதிரி ஒரு குழாய். நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவ வச்சிருப்பாங்களே, அதோட தூக்கிட்டுப் போகக்கூடிய தம்பி. அந்த வண்டல் மண் சாதாரணமா விடாது. காஞ்சா சிமெண்ட் மாதிரி. அதனால இந்த மெஷினைத் தூக்கிட்டுப் பேஸ்மென்ட்டுக்குள்ள இறங்கிட்டாங்க. ஜன்னலைத் திறந்து வச்சாங்க, கதவைத் திறந்து வச்சாங்க. காத்து வருதே, போதும்னு நினைச்சாங்க.

போதலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்தை அது பிடிச்சுக்கும், அதுவும் ஆக்சிஜனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இறுக்கமா. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், கிறுகிறுப்பு. ரெண்டு வாரமா முகாமில் தூங்கி, காலையிலேருந்து சேறு வாரிக்கிட்டு இருக்கற ஆளுக்குத் தலைவலி வந்தா என்ன நினைப்பார்? அசதின்னுதான் நினைப்பார். இன்னும் கொஞ்சம், இந்த மூலையை முடிச்சுட்டு மேலே போறேன்னு சொல்வார். இந்த விஷத்தோட தந்திரமே அதுதான், அது அசதி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வரும்.

இதை விசாரிச்ச பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2001-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்காங்க. கிராண்ட் ஃபோர்க்ஸ் வெள்ளத்துக்குப் பிறகு தனித்தனி சம்பவங்களில் 33 பேர் கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கு ஆளானாங்க. அதில் 18 பேருக்கு ரத்தப் பரிசோதனையில் உறுதியாச்சு. பேஸ்மென்ட்டில் ஓடின பெட்ரோல் பிரஷர் வாஷர்தான் முக்கியக் காரணம். ஆறு ஊருக்குள்ள வந்தப்போ யாரையும் மூழ்கடிக்கலை. ஆறு போன பிறகு, சொந்த வீட்டுக்குள்ள, சொந்தக் கையால கழுவிக்கிட்டு இருந்தவங்க மயங்கி விழுந்தாங்க.

எனக்கு இதில் உறுத்தறது என்னன்னா, தீர்வு ரொம்ப அற்பமானது. எஞ்சினை வெளியே வச்சுட்டு நீளமான குழாயை உள்ளே கொண்டுபோனாப் போதும். மணல் மூட்டை கட்ட ஊரே வரிசையில் நின்னுச்சே, அப்போ பக்கத்தில் நிக்கறவன் இவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தான். 'ஏம்பா வெளிறிப்போயிருக்கே, போய் உக்காரு'ன்னு சொல்ல ஆள் இருந்தது. வெள்ளம் வடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேஸ்மென்ட்டுக்குள்ள தனியா இறங்கிட்டாங்க. கரை கட்டறது ஊர் வேலை, கழுவறது வீட்டு வேலைன்னு ஆயிடுச்சு. எச்சரிக்கைத் தாள் விநியோகம் எல்லாம் நடக்கும்தான், ஆனா சேத்துக் கையோட தாளை யார் படிக்கப்போறாங்க? இந்த மாதிரி செய்தி ஆளிலிருந்து ஆளுக்குத்தான் போகணும்ங்கிறது என் கருத்து.

அப்படி ஆளா வந்தவங்களும் இருந்தாங்க, அதையும் சொல்லணும். மென்னோனைட் சபைக்காரங்க நடத்தற பேரிடர் சேவைன்னு ஒண்ணு உண்டு. எங்கே வெள்ளம், எங்கே புயல்னு கேட்டு, சுத்தி, மண்வெட்டியோட வந்து இறங்கற விவசாயிகள், தச்சர்கள். ரெட் ரிவருக்கும் வந்தாங்க. பிரசங்கம் பண்ணாம பேஸ்மென்ட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டுப் போற கூட்டம்.

தெருவோரம் குப்பை மலை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் அந்த வீட்டோட உள்ளுறுப்பு எல்லாம் குவிஞ்சு கிடந்தது. லாரி வந்து அள்ள அள்ள மறுபடி குவியும். குப்பையோட மணல் மூட்டைகளும் சேர்ந்துக்கும். கட்டும்போது அது வீரம், வடிஞ்ச பிறகு அது சாக்கடையில் ஊறின கழிவு. அதை அப்புறப்படுத்தவும் ஆள் வேணும், ஆனா அந்த வேலைக்குப் பாட்டும் கிடையாது, போட்டோவும் கிடையாது.

ஹெரால்ட் பத்திரிகையைப் பத்தி ஒரு பத்தியாவது எழுதாட்டி பாவம். அவங்க கட்டடம் அந்தத் தீயில் போச்சு, பழைய பிரதிகள் எல்லாம் சேர்த்து. ஆனா ஒரு நாள்கூடப் பத்திரிகை நிக்கலை. பக்கத்தில் மான்வெல்னு ஒரு குட்டி ஊர் பள்ளிக்கூடத்தில் உக்காந்து எழுதி, செயின்ட் பாலில் அச்சடிச்சு, முகாம் முகாமா இலவசமாக் கொடுத்தாங்க. யார் எங்கே இருக்காங்க, எந்தத் தெருவுக்கு எப்போ போகலாம், தண்ணி எப்போ வரும், இதெல்லாம் அதில்தான். 1998-இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைச்சது. செல்போன் பரவலா இல்லாத காலம்ங்கிறதை மறந்துடாதீங்க.

அதே பத்திரிகை ஒரு விஷயத்தில் வாசகர்கள் கிட்ட நல்லா வாங்கியும் கட்டிக்கிச்சு. பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தார். ஒரு குடும்பத்துக்கு 2,000 டாலர்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. ஊர் அவங்களை 'தேவதை'ன்னு கூப்பிட்டது. அவங்க ஊரைப் பார்க்க ரகசியமா வந்துபோன விமானத்தை வச்சுக் கண்டுபிடிச்சு, ஹெரால்ட் பேரைப் போட்டுருச்சு. மெக்டொனால்ட்ஸ் அதிபரா இருந்த ரே கிராக்கின் மனைவி ஜோன் கிராக். பேர் வேணாம்னு சொன்னவங்க பேரை எதுக்குப் போட்டீங்கன்னு ஜனங்க கொதிச்சாங்க. செய்தின்னா செய்திதான்னு பத்திரிகை. நான் ஜனங்க கட்சி.

பணம் வாங்கறது அந்த ஊருக்குச் சுலபமா இல்லைங்கிறதையும் பார்க்கணும். சமூகவியலாளர் ஆலிஸ் ஃபாதர்கில், வெள்ளத்துக்குப் பிறகு அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்கள் கிட்டப் பேசி ஒரு புத்தகம் எழுதினார், 2004-இல் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சர்ச்சுக்குப் பழைய துணி கொடுத்துப் பழகின நடுத்தர வர்க்கப் பெண்கள், இப்போ அதே வரிசையில் துணி வாங்க நின்னப்போ அவங்களுக்கு ஏற்பட்ட கூச்சத்தை அவர் விரிவாப் பேசறார். வீட்டில் சுத்தம் பண்றது, விண்ணப்பப் படிவம் நிரப்பறது, அலுவலகம் அலுவலகமா அலையறது, குழந்தைகளுக்கு எதுவும் நடக்காத மாதிரி காட்டிக்கறது, பெரும்பாலும் இதெல்லாம் பெண்கள் தலையில்தான் விழுந்தது. படிக்கும்போது எனக்கு நம்ம ரேஷன் கடை வரிசைகள் ஞாபகத்துக்கு வந்தது. என்ன, நமக்கு வரிசை பழகிப்போச்சு, அவங்களுக்குப் புதுசு.

வாஷிங்டன் பக்கம் வழக்கம்போல. ஏப்ரல் 22-ஆம் தேதியே கிளின்டன் வந்து விமானப்படைத் தளத்தில், விமானக் கொட்டகைக்குள்ள தங்கியிருந்த மக்களைப் பார்த்துப் பேசிட்டுப் போனார். உதவி மசோதாவோட சம்பந்தமே இல்லாத சில பிரிவுகளைக் காங்கிரஸ் ஒட்டி அனுப்ப, ஜூன் 9 அன்று அவர் அதை ரத்து செய்ய, மறுபடி அனுப்பி ஜூன் 12-இல்தான் கையெழுத்தாச்சு. அதுவரைக்கும் ஜனங்க இடிஞ்ச வீட்டைக் கட்டறதா, விக்கறதான்னு தெரியாம உக்காந்திருந்தாங்க.

இதே தண்ணி வடக்கே கனடாவுக்குப் போச்சே, அங்கே என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. வின்னிபெக் நகரத்தில் 1950 வெள்ளத்தில் ஒரு லட்சம் பேர் வெளியேற வேண்டியிருந்தது. அதுக்கப்புறம் டஃப் ராப்ளின்ங்கிற மாகாண முதல்வர் பிடிவாதமா நின்னு, நகரத்தைச் சுத்தி 47 கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளக் கால்வாய் வெட்ட வச்சார். 1968-இல் முடிஞ்சது. 'டஃப்போட சாக்கடை'ன்னு கிண்டல் பண்ணாங்க. 1997-இல் அந்தச் சாக்கடைதான் நகரத்தைக் காப்பாத்துச்சு. ஆனா கால்வாய்க்குத் தெற்கே இருந்த கிராமங்கள்ல நிலைமை வேற. செயின்ட் அகாத் ஏப்ரல் 29 அன்று மூழ்கிச்சு, கிராண்ட் பாயின்ட் மக்கள் நகரத்துக்காக எங்களை நனைச்சீங்கன்னு ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. அதுல நியாயம் இருக்கு. அது தனிக் கதை.

கிராண்ட் ஃபோர்க்ஸுக்குத் திரும்புவோம். சுத்தம் பண்றதோட கடைசிக் கட்டம் சுத்தம் பண்ணாம விடறதுதான். ஆற்றோரமா இருந்த நூற்றுக்கணக்கான வீடுகளை அரசாங்கப் பணத்தில் வாங்கி இடிச்சாங்க. லிங்கன் டிரைவ் குடியிருப்பு பூங்காவா ஆச்சு. கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸில் ஷெர்லாக் பார்க்னு ஒரு குடியிருப்பு இருந்தது, இப்போ அது கூடாரம் போட்டுத் தங்கற மாநிலப் பொழுதுபோக்குப் பூங்கா. ரெண்டு ஊருக்கும் நடுவில் 2,200 ஏக்கர் ஆற்றுக்குன்னே விட்டாச்சு. அதுக்குப் பின்னால தள்ளி, நாற்பது கோடி டாலருக்கு மேல செலவில் புதுக் கரை. கேக்க நல்லாத்தான் இருக்கு. வாரக்கணக்கில் பேஸ்மென்ட்டில் சேறு வாரி, சுவரை வெட்டி, ப்ளீச் போட்டுத் துடைச்சு, 'இப்போதான் வீடு மாதிரி இருக்கு'ன்னு நிமிர்ந்தவங்க கிட்ட, 'இந்தத் தெருவே இருக்கப்போறதில்லை'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? எந்தத் தெரு இருக்கும், எது போகும்ங்கிற கோட்டை முதலிலேயே போட்டிருந்தா எத்தனை பேர் உழைப்பு மிச்சமாகியிருக்கும்! கோபம் மேயர் மேல திரும்புச்சு. ஊரைக் காலி பண்ணச் சொல்லி உயிரைக் காப்பாத்தின பேட் ஓவன்ஸ் 2000 தேர்தலில் தோத்துப்போனார்.

நான் அங்கே போனப்போ ஆற்றங்கரையில் ஒரு தூண் நிக்கறதைப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்ததுன்னு அதில் குறிச்சிருக்காங்க. 1997-ஐப் பார்க்கக் கழுத்தை நல்லாப் பின்னால சாய்க்கணும். பக்கத்தில் ஒரு அம்மா வண்டியில் குழந்தையை வச்சுத் தள்ளிக்கிட்டு நடைப்பயிற்சி போய்க்கிட்டு இருந்தாங்க, தூணைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

2009-இலும் 2011-இலும் ஆறு மறுபடி 49 அடியைத் தாண்டி வந்தது. ஆமா, அதே 49. பூங்காவெல்லாம் முங்கிச்சு. கரைக்கு இந்தப் பக்கம் பேஸ்மென்ட்டுகள் காஞ்சு கிடந்தன. தண்ணி வடிஞ்சதும் நகராட்சி வண்டிகள் வந்து நடைபாதையில் படிஞ்ச வண்டலை வழிச்சு எடுத்தன.